வழியில் கிடக்கும் கல்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு நீர் ஓடும் ஆறு என்பது ஒரு பொருள். மக்கள் நடக்கும் வழி என்பது மற்றொரு பொருள். ‘நெறி’ என்பதும் காலால் நடக்கும் பாதையையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். அரபு மொழியிலும் இவ்வாறே. ‘ஸுன்னத்’ என்னும் சொல்லின் வேரைத் தேடிச் செல்வோர், பலர் நடந்து பழகிய தடம் என்னும் பொருளை அங்கே காண்பர். ‘ஸபீல்’ என்றால் பாதை. வழிப்போக்கரின் தாகம் தீர்க்க அறமாக வைக்கப்படும் தண்ணீர்த் துறைக்கும் அதுவே பெயர். நல்வாழ்வைப் பாதையாகக் காணும் பார்வை இரு மொழிகளுக்கும் இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நேர்வழியில் நடப்பதன் சிறப்பை ஓயாது பேசும் நாம், காலுக்குக் கீழே கிடக்கும் வழியை அமைத்தவர் யார், அதைப் பேணுகிறவர் யார் என்று கேட்பதில்லை. அக்கேள்வியை நம்முள் எழுப்பியவர் நம்மிடம் ஓதிய ஒரு மாணவர்.

மத்ரஸாவில் சில ஆண்டுகள் ஓதிப் பின்னர் பொறியியல் பயின்று, ஐரோப்பாவில் பணிபுரியும் அவர், விடுமுறையில் ஊர் வந்தபோது நம்மைக் காண வந்தார். முஸாபஹா செய்யக் கை நீட்டினார். கணிப்பொறியின் முன் அமர்ந்து பிழைப்பவரின் கையாக அது இல்லை. உள்ளங்கை முழுதும் காய்ப்பேறியிருந்தது. காரணம் கேட்டோம். கோடை விடுமுறையில் ஐந்து வாரங்கள் ஐஸ்லாந்து நாட்டுக்குச் சென்று, அங்குள்ள மலைகளில் மக்கள் நடந்து செல்லும் ஒற்றையடிப் பாதைகளைச் செப்பனிடும் தொண்டர் குழுவில் சேர்ந்து கல்லும் கட்டையும் சுமந்ததாகக் கூறினார். ஊதியம் இல்லை. போக்குவரத்துச் செலவும் அவருடையதே. உணவும், கூடாரமடிக்க இடமும் மட்டும் கிடைத்தன.

நமக்குச் சினம் வந்தது. “தம்பி, இதற்காகவா உன் அத்தா நிலத்தை விற்றுப் படிக்க வைத்தார்? நம் மையவாடிக்குப் போகும் சந்தில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறு. சந்தூக்கைத் தூக்கிச் செல்பவர்கள் வழுக்கி விழுகிறார்கள். அதை விட்டுவிட்டு, உல்லாசமாக மலையேறுகிறவர்களுக்கு வழி போடவா கடல் கடந்து போனாய்?” என்று கேட்டுவிட்டோம்.

அவர் தலை குனிந்தவாறு, “ஹஜ்ரத், ஈமானின் கிளைகளை எங்களுக்குப் பாடம் நடத்தியது தாங்கள்தானே?” என்று மட்டும் சொன்னார்.

அன்று நாம் அதற்கு விடை சொல்லவில்லை. அவர் சென்றபின் பல நாள் அச்சொல் நம்மை உறுத்திற்று. இக்கட்டுரை நாம் தாமதமாகத் தேடிய விடை.

முதலில் அந்நாட்டின் நிலையை அறிதல் வேண்டும். வட அட்லாண்டிக் கடலில் ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு ஐஸ்லாந்து. நெருப்பைக் கக்கும் மலையும் உறைந்த பனியாறும் அண்டை வீட்டார்போல் அங்கே வாழ்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் மக்கள் குடியேறியபோது தீவின் காற்பகுதியையேனும் மரங்கள் மூடியிருந்தன என்று அறிஞர் கணிக்கின்றனர். விறகுக்கும் கரிக்கும் மரங்கள் வெட்டப்பட்டன. எஞ்சிய தளிர்களை ஆடுகள் மேய்ந்தன. 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது நிலப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கே காடாக இருந்தது. எரிமலைச் சாம்பல் கலந்த அந்நாட்டு மண் இலேசானது. ஒட்டும் தன்மை குறைந்தது. மேலே கிடக்கும் பசும்போர்வை ஓரிடத்தில் கிழிந்துவிட்டால் காற்றும் நீரும் மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். கோடையோ மிகக் குறுகியது. கிழிந்த இடத்தைப் புல் மூடப் பல ஆண்டுகள் ஆகும்; பாசி மூடப் பல பத்தாண்டுகளும் ஆகும்.

அத்தகைய நாட்டுக்கு 2010ஆம் ஆண்டில் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 5 இலட்சத்துக்கும் குறைவு. 2018இல் வந்தவர்களோ 23 இலட்சத்துக்கும் மேல். நாட்டின் மக்கள்தொகை 4 இலட்சத்தைக்கூட எட்டவில்லை என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்த்தால், அந்த மெல்லிய மண்ணின் மீது விழுந்த காலடிகளின் பாரம் விளங்கும்.

நம் மாணவர் பணி செய்த இடத்தின் பெயர் தோர்ஸ்மோர்க். தோர் என்னும் பழைய தெய்வத்தின் காடு என்பது அதன் பொருள். பனிமலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆடுகள் புகாதபடி தடுத்து வனத்துறையினர் காத்தமையால், அங்கே பிர்ச் மரங்கள் மீண்டும் தழைத்தன. ஏறத்தாழ 55 கிலோமீட்டர் நீளமுள்ள லௌகாவேகுர் என்னும் புகழ்பெற்ற நடைபாதை வந்து முடிவதும் அங்கேதான். 2010ஆம் ஆண்டில் அண்டையிலிருந்த எய்யாப்பியாத்லயோகுத்ல் எரிமலை வெடித்து ஐரோப்பாவின் வானூர்திகளை எல்லாம் முடக்கியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் சாம்பல் இப்பள்ளத்தாக்கின் மீதும் படிந்தது.

ஒரு மலைப்பாதை எவ்வாறு கெடுகிறது என்று அவர் விளக்கியதை நாம் வியப்புடன் கேட்டோம். பலர் நடந்த இடம் சற்றே தாழ்கிறது. தாழ்ந்த இடத்தில் மழைநீர் சேர்கிறது. சரிவில் சேர்ந்த நீர் ஓடத் தொடங்கி மண்ணை அரிக்கிறது. பாதை வாய்க்காலாகிறது. அடுத்து வருபவர் சேற்றில் கால் வைக்க விரும்பாமல் ஓரடி விலகிப் புல்லின் மீது நடக்கிறார். அவ்விடமும் தாழ்கிறது. சில ஆண்டுகளில் ஒரு பாதை இருந்த இடத்தில் ஐந்தாறு பாதைகள் புண்களைப்போல் மலைமீது கிடக்கின்றன. இவ்வளவு கேட்டையும் விளைத்தவர்களுள் தீயவர் எனச் சுட்ட ஒருவரும் இல்லை. காலணி நனையாதிருக்க ஓரடி விலகியவர்களே அனைவரும்.

வழி ஆறாக மாறுவதே பாதையின் மரணம். தமிழ் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தது; பாதை காப்பவரின் கலை முழுதும் அவ்விரண்டையும் பிரித்து வைப்பதில் அடங்கியிருக்கிறது. ஆகவே அவர் முதலில் கற்பது நீரின் போக்கை. மழை எங்கிருந்து வரும், எங்கே திரும்ப விரும்பும் என்று அறிந்து, பாதையின் குறுக்கே சாய்வாகக் கல்லோ கட்டையோ பதித்து நீரை வெளியே தள்ளுகிறார். செங்குத்தான இடங்களில் படி அமைக்கிறார். பக்கத்தில் முளைத்த வீண் தடங்களைக் கல்லிட்டு மறித்து, வேறிடத்தில் வேர்மண்ணோடு பெயர்த்த புல்லைக் கொணர்ந்து அவற்றின் மீது பதிக்கிறார். வண்டி ஏற முடியாத இடங்கள் அவை. மண்வெட்டியும் கடப்பாரையும் சம்மட்டியும் தோளில்தான் ஏற வேண்டும். பலர் நாள் முழுதும் உழைத்தால் சில படிகள் அமையும்.

இனி, இத்தொண்டின் மீது எழக்கூடிய ஐயங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் ஐயம் இது: இயற்கையைக் காக்க வேண்டுமெனில் மனிதன் அங்கே போகாமலிருப்பதன்றோ நன்று? வழி போடுவது கூட்டத்தை அழைப்பதாகாதா? இவ்வாதத்தில் உண்மை உண்டு. அதே நாட்டில் பியாத்ரார்கிளியூவுர் என்றொரு மலையிடுக்கு இருக்கிறது. 2015ஆம் ஆண்டில் உலகப் புகழ் பெற்ற இளம் பாடகர் ஒருவரின் இசைப்படம் அங்கே எடுக்கப்பட்டது. அதைக் கண்டவர்கள் ஆயிரமாயிரமாகத் திரண்டனர். அத்தனை கால்களைத் தாங்கும் பாதை அங்கே இருக்கவில்லை. பசுமை மிதிபட்டு மாய்ந்தது. 2019ஆம் ஆண்டில் பல மாதங்கள் அவ்விடத்தை மூடிவைக்க நேர்ந்தது. கூட்டத்தை அழைத்தது பாதையன்று, படம். பாதையோ, வந்துவிட்ட கூட்டத்தை ஓரடி அகலத்துக்குள் அடக்கி, மற்ற நிலம் முழுதையும் மிதிபடாமல் காக்கிறது. அடையாளம் தெரியாத வேலி அது. ‘இவ்வழியே செல்க’ என்று சொல்லும் எந்த நெறியும், ‘பிற இடங்களை மிதியாதிருக்க’ என்றும் சொல்லாமற் சொல்கிறது. ஹலாலின் எல்லையை அறிந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று.

இரண்டாவது ஐயம் எண்ணத்தைப் பற்றியது. விடுமுறையில் அழகிய மலைநாட்டுக்குச் சென்று, தன்னொத்த இளைஞரோடு கூடி, திறந்த வெளியில் உண்டு உறங்கி வருபவன் தொண்டு செய்தானா, இன்பம் துய்த்தானா? இரண்டும் கலந்தே இருந்தன என்று நம் மாணவரே ஒப்புக்கொண்டார். ஹஜ்ஜுக்குச் செல்பவர் அப்பயணத்தில் வணிகம் செய்து பொருளீட்டுவதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை என்று அருள்மறை அனுமதி வழங்கியிருப்பதை நாம் அறிவோம். மகிழ்ச்சி கலந்ததால் மட்டும் நற்செயல் கெட்டுவிடுவதில்லை. அச்செயல் எதை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதே கேள்வி.

இதற்கு அந்நாட்டு மலைகளிலேயே ஓர் உவமை கிடைக்கிறது. தோர்ஸ்மோர்க்கிலிருந்து தெற்கே ஏறும் கணவாய்க்கு ஃபிம்வோர்துஹால்ஸ் என்று பெயர். ஐந்து கற்குவியல்களின் மேடு என்பது அப்பெயரின் பொருள். மூடுபனியிலும் பனிப்பொழிவிலும் வழி தப்பாதிருக்க, முன்னோர் ஆங்காங்கே கற்களை ஆளுயரம் அடுக்கி அடையாளம் வைத்தனர். அடுக்கியவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. தாம் காணப்போகாத யாரோ ஒருவர், என்றோ ஒரு நாள், வழி தெரியாது திகைக்கும்போது அது உதவும் என்று அடுக்கினார்கள். இக்காலத்துப் பயணிகளும் அங்கே கற்களை அடுக்குகிறார்கள். தாம் வந்து சென்றதன் நினைவாகவும், படம் பிடித்து வைக்கவும் அடுக்குகிறார்கள். அதற்காகப் பெயர்த்த கல்லின் கீழிருந்த மண் காற்றில் பறக்கிறது. மூடுபனியில் வருபவன் பொய்யான அடையாளத்தை நம்பி வழி தவறவும் கூடும். ஆகவே காவலர்கள் அவற்றைக் கலைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கல் ஒன்றே, கை ஒன்றே, அடுக்கும் செயலும் ஒன்றே. ஒன்று பிறருக்கு வழியாயிற்று. மற்றொன்று வழியில் கிடக்கும் கல்லாயிற்று.

செயல்களை எண்ணத்தைக் கொண்டு அளக்கும் நபிமொழியை மக்தப் சிறுவரும் அறிவர். ஆனால் எண்ணம் மட்டும் போதுமா? தவறான கோணத்தில் பதித்த கல் நீரைப் பாதையிலேயே திருப்பிவிடும் என்றும், நல்லெண்ணத்தோடு செய்த அந்த ஒரு பிழை அடுத்த பருவத்தில் ஒரு சரிவையே அரித்துவிடும் என்றும் மாணவர் சொன்னார். மருத்துவம் அறியாது மருத்துவம் செய்தவன் விளைந்த தீங்குக்குப் பொறுப்பாளி என்பது பிக்ஹு நூல்கள் ஏற்ற விதி. தொண்டுக்கும் இவ்விதி பொருந்தும். கற்றவர் ஒருவரின் கீழ் நின்று, சொன்னதைச் செய்து, செய்ததைப் பெயர்த்துத் திரும்பச் செய் என்றால் முகம் சுளிக்காது செய்வதும் இத்தொண்டின் பகுதியாம்.

மூன்றாவது ஐயம் கூலியைப் பற்றியது. கூலியின்றி உழைக்க ஒருவன் முன்வந்தால், கூலிக்கு உழைப்பவனின் உணவில் மண் விழாதா? இதுவும் வெறும் கற்பனையன்று. இலாபம் ஈட்டும் விடுதிகளும் பண்ணைகளும் தொண்டர் என்னும் பெயரால் இளைஞரின் உழைப்பைக் கூலியின்றிப் பெறுவதை ஐஸ்லாந்தின் தொழிற்சங்கங்கள் வன்மையாகக் கண்டித்திருக்கின்றன. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த நாம், அச்சங்கங்களின் பக்கமே நிற்கிறோம். எவருடைய பணப்பெட்டியையும் நிரப்பாத, எல்லோருக்கும் பொதுவான நிலத்தில் செய்யும் பணிக்கே தொண்டு என்னும் பெயர் தகும். ஒருவன் தன் உழைப்பைப் பொதுவுக்குக் கொடையாக அளிக்கலாம். இன்னொருவன் அதைத் தன் இலாபமாக்கிக் கொள்வது கொடையைத் திருடுவதாகும்.

நான்காவது ஐயமே நாம் அன்று சினத்தோடு கேட்டது. அருகிலுள்ள கடமையை விட்டுத் தொலைவிலுள்ள நற்செயலைத் தேடிப் போகலாமா? ஸகாத்தை முதலில் அவ்வூர் ஏழைகளுக்கே வழங்க வேண்டும் என்றும், உறவினர்க்குக் கொடுப்பதில் இரட்டை நன்மை உண்டென்றும் படித்துக் கொடுக்கும் நமக்கு இவ்வையம் எழுவது இயல்பே. அதனுடன் மற்றொன்றும் சேர்கிறது. வானூர்தியில் சென்று இயற்கைக்குத் தொண்டு செய்வதில் ஒரு முரண் இருக்கிறது. அந்நாட்டில் ‘ஓக்’ என்றொரு பனியாறு இருந்தது. வெப்பம் மிகுந்து உருகி, 2014இல் அது பனியாறு என்னும் பெயரையே இழந்தது. 2019இல் அவ்விடத்தில் ஒரு நினைவுத் தகடு பதித்தார்கள். அந்த வெப்பத்துக்கு உலகின் புகைபோக்கிகள் எல்லாம் காரணம். வானூர்தியின் புகையும் அவற்றுள் ஒன்று. இக்கணக்கை மாணவரும் மறுக்கவில்லை. தாம் அண்டை நாடொன்றில் வாழ்வதால் தொலைவு குறைவு என்று மட்டும் சொன்னார். இது முழு விடையாகாது. இம்முரண் இருக்கத்தான் செய்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது.

ஆயினும் அருகு, தொலைவு என்னும் கேள்விக்கு அவர் சுட்டிய நபிமொழியிலேயே ஒரு விடை இருப்பதைப் பின்னர் கண்டோம். ஈமானுக்கு எத்தனையோ கிளைகள் உண்டென்றும், வழியிலிருந்து துன்பம் தருவதை அகற்றுவது அவற்றுள் கடைசியானது என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதை யாவரும் அறிவர். கடைசியானது என்று நாம் பொருளுரைக்கும் அரபுச் சொல் ‘அத்னா’. தாழ்ந்தது என்பது அதன் ஒரு பொருள். அதன் வேர்ச்சொல்லுக்கு நெருங்குதல் என்றும் பொருள் உண்டு. ஆதலின் மிக அருகிலுள்ளது என்பதும் அச்சொல்லுக்குப் பொருந்தும். இலக்கணப் பாடத்தில் இவ்விரு பொருளையும் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தோம். தாழ்ந்த கிளையே கைக்கு எட்டும் கிளை என்பதை மட்டும் நாம் சிந்தித்ததில்லை. மரமேற வல்லவர்க்கு மேற்கிளைகள் உண்டு. கல்வியில்லாதவனும், பொருளில்லாதவனும், பிறர் நாட்டில் வழிப்போக்கனாக நிற்பவனும் பற்றிக்கொள்ளக் கூடியதாக ஒரு கிளை கீழே தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. எங்கே நிற்கிறானோ அங்கே அவன் காலடியில் கிடக்கும் வழியே அவனுக்கு அருகிலுள்ள வழி. ஐஸ்லாந்து மலைமீது நின்றவனுக்கு அம்மலைப்பாதை அருகாயிற்று. மையவாடிச் சந்து யாருக்கு அருகிலிருந்தது? முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு ஜனாஸாவின் பின்னும் அதில் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேறு படாமல் ஓரமாக ஒதுங்கி நடந்த நமக்கன்றோ? அந்த நபிமொழியை ஆண்டுதோறும் பாடம் நடத்தியவரும் நாமே. ஓரடி விலகி நடந்து அச்சந்தை அகலச் சேறாக்கியவர்களுள் ஒருவரும் நாமே. நாம் மாணவரிடம் கேட்ட கேள்வி நமக்கே உரியதாயிருந்தது.

வழியை அமைப்பதைவிட வழியைப் பேணுவது அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். கலீபா ஹாரூன் ரஷீதின் மனைவியார் ஸுபைதா அம்மையார் கூபாவிலிருந்து மக்கா செல்லும் நெடும்பாதையில் ஹாஜிகளுக்காகக் கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் அமைத்தார். கி.பி. 831இல் மறைந்த அவ்வம்மையாரின் பெயராலேயே இன்றும் அது ‘தர்பு ஸுபைதா’ எனப்படுகிறது. ஆனால் 1258இல் பக்தாத் வீழ்ந்தபின் பேணுவாரின்றி அப்பாதை தளர்ந்தது. நீர்த்தேக்கங்கள் பலவற்றை மணல் மூடியது. நிலையான தர்மம் என்று நாம் போற்றும் ஸதகத்துல் ஜாரியா தானாக ஓடிக்கொண்டிருப்பதன்று. ஓடும்படி அதை யாரேனும் வைத்திருக்க வேண்டும். தொடங்கியவரின் பெயர் கல்லில் இருக்கும். தூர் வாரியவரின் பெயர் எங்கும் இராது. ஐஸ்லாந்தில் சென்ற ஆண்டு ஒரு குழு வெட்டிய வடிகாலில் இவ்வாண்டு மண் சேர்ந்திருக்கும். வேறு நாடுகளிலிருந்து வரும் வேறு இளைஞர்கள் அதை வாருவார்கள். நன்றாகச் செய்த பாதை தன்னை யாரும் கவனிக்கும்படி விடாது. நடப்பவர் மலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். செய்தவரை ஒருவரும் நினையாமல் போவதே அத்தொழிலின் வெற்றி. முகத்துதியை மறைவான ஷிர்க்கென்று அஞ்சும் உள்ளத்துக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் எளிதில் கிடைக்காது.

மாணவர் ஊரிலிருந்து புறப்படுமுன் அவரை அழைத்துக்கொண்டு மையவாடிச் சந்துக்குச் சென்றோம். அவர் சேற்றைப் பார்க்கவில்லை. சந்தின் இரு பக்கச் சுவர்களையும், மேட்டையும் பள்ளத்தையும் பார்த்தார். “ஹஜ்ரத், மண் கொட்டிப் பயனில்லை. நீருக்குப் போக வழியில்லாததுதான் குறை. இந்த இடத்திலும் அந்த இடத்திலும் கல்லைச் சாய்வாகப் பதித்து, சுவரோரம் வாய்க்கால் எடுத்தால் போதும்” என்றார். தொலைவில் கற்ற கல்வி அருகில் வந்து நின்றது. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் மத்ரஸாப் பிள்ளைகள் மண்வெட்டி எடுத்தார்கள். நாமும் எடுத்தோம். ஒரு நாழிகையில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

அவ்வாண்டு மழையில் அச்சந்து வழியே இரண்டு ஜனாஸாக்கள் சென்றன. சுமந்தவர்கள் வழுக்கவில்லை. வழியைப் பற்றி எவரும் பேசவும் இல்லை. இப்போது வாய்க்காலில் மறுபடியும் மண் சேர்ந்திருக்கிறது. அடுத்த மழைக்கு முன் வாரியாக வேண்டும். அதற்கான வலிமையை இறைவன் நமக்கு அருள்வானாக.